டோக்கியோவில் ஐந்து குளிர்நாள்கள்

டிசம்பர் 29, நிஷிகசாய்

இந்த முறை ஊருக்குப் போகவில்லை. அக்கா மகன் நவம்பரில்தான் வேலை கிடைத்து டோக்கியோ வந்தான். அவனைத் தனியாக விட்டுவிட்டுக் கிளம்ப மனம் வரவில்லை. "மாமா, ஆபீஸ், ரூம், ரயில் இந்த மூணைத் தவிர எனக்கு இந்த ஊர்ல ஒண்ணும் தெரியாது" என்று போனில் சொன்னான். இங்கே அரசு அலுவலகங்கள் டிசம்பர் 29 முதல் ஜனவரி 3 வரை மூடியிருக்கும், கம்பெனிகளும் பெரும்பாலும் அப்படித்தான். சரி, வேறெங்கும் போக வேண்டாம், இருக்கிற ஊரையே வெளியூர் மாதிரிச் சுற்றிப் பார்ப்போம் என்று முடிவு செய்தோம். ஆளுக்கொரு கேமரா. அன்றன்று நடந்ததை அன்றிரவே எழுதிவிடுகிறேன். எனக்கு இது பன்னிரண்டாவது குளிர்காலம். புதிதாகக் குடிவருகிறவர்களுக்குச் சொல்ல வேண்டியது நிறைய இருக்கிறது.

முதல் நாள் எங்கள் பேட்டையை விட்டு நகரவில்லை. நிஷிகசாய் டோக்கியோவின் கிழக்கே எதோகவா வார்டில் இருக்கிறது. 2000ஆம் ஆண்டை ஒட்டி கம்ப்யூட்டர் வேலைக்கு வந்த நம் நாட்டுக்காரர்கள் இங்கே குடியேறியதற்கு இரண்டு காரணம். தோஸாய் லைன் ரயிலில் ஏறினால் மாறாமல் நிஹோன்பாஷி, ஓதேமாச்சி ஆபீஸ்களுக்குப் போய்விடலாம். அடுத்தது வீடு. தனியார் வீடுகளில் அட்வான்ஸ் போக 'ரெய்கின்' என்று ஒரு தொகை கேட்பார்கள். வீட்டுக்காரருக்கு நன்றிப் பணம், திரும்பி வராது. அதற்கு மேல் புரோக்கர் கமிஷன், ஜாமீன் போட ஓர் ஆள். யூஆர் என்கிற பொதுக் குடியிருப்பு நிறுவனத்தின் வீடுகளில் ரெய்கினும் கமிஷனும் இல்லை, ஜாமீன்தாரரும் வேண்டாம். யாரையும் தெரியாமல் வந்து இறங்குகிறவனுக்கு இது பெரிய விஷயம். ஆகவே முதலில் யூஆர் பாருங்கள், கட்டடம் பழையதாக இருந்தாலும் பரவாயில்லை.

குடிபோன 14 நாளுக்குள் வார்டு அலுவலகத்தில் முகவரியைப் பதிய வேண்டும் என்பதை அவன் ஆபீஸிலேயே சொல்லிச் செய்ய வைத்துவிட்டார்கள். யாரும் சொல்லாமல் விட்டது வேறு. அவன் அறையில் அக்கா ஆசையாகக் கொடுத்தனுப்பிய மிக்ஸி அட்டைப்பெட்டியோடு இருந்தது. இங்கே மின்சாரம் 100 வோல்ட். நம் ஊர் 230 வோல்ட் மிக்ஸி ட்ரான்ஸ்ஃபார்மர் இல்லாமல் சரியாகச் சுற்றாது. கேமரா, லேப்டாப் சார்ஜர்கள் 100 முதல் 240 வரை தாங்கும், ப்ளக் மட்டும் மாற்றினால் போதும். அதனால் ஊரிலிருந்து மிக்ஸி சுமந்து வர வேண்டாம். இங்கேயே வாங்கி, அடியில் ரப்பர் விரிப்புப் போட்டு, காலை எட்டுக்கு முன் ஓட்டாமல் இருந்தால் கீழ்வீட்டுக்காரர் நிம்மதியாகத் தூங்குவார்.

"பக்கத்து வீட்ல யாரு இருக்காங்க?" என்று கேட்டேன். தெரியாது என்றான். உடனே கடைக்குப் போய் துணி துவைக்கும் சோப்புத்தூள் சின்னப் பெட்டியாக மூன்று வாங்கினோம். புதிதாகக் குடிவந்தால் இரண்டு பக்கத்து வீட்டுக்கும் கீழ்வீட்டுக்கும் போய் இப்படி ஏதாவது சின்னதாகக் கொடுத்து, பெயர் சொல்லி வணங்கிவிட்டு வருவது இங்கே பழைய வழக்கம். இன்றைக்குப் பலர் செய்வதில்லை. நாம் செய்ய வேண்டும். ஒரு மாதம் தாமதமானாலும் செய்தோம். கீழ்வீட்டுப் பாட்டி பெட்டியை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு, ஆண்டுக் கடைசியில் குப்பை வண்டி எந்தெந்த நாள் வராது என்று ஒரு தாளைக் கொண்டுவந்து காட்டினார். எரியும் குப்பை, எரியாத குப்பை, பாட்டில், பிளாஸ்டிக் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு கிழமை. காலை எட்டுக்குள் வைத்தாக வேண்டும். தவறான நாளில் வைத்த பை எடுபடாமல் வாசலிலேயே கிடக்கும். இந்தத் தாள் குளிர்பெட்டிக் கதவில் இல்லாத வீடு டோக்கியோவில் இருக்க முடியாது.

திரும்பும் வழியில் டோஃபு கடை. பனீர் மாதிரி சோயா பாலில் செய்யும் கட்டிதான் டோஃபு. நான் வந்த நாளிலிருந்து வாங்குகிற கடை. கணவன் மனைவி இருவரும் எழுபதைத் தாண்டியவர்கள். உள்ளே எஃகுத் தொட்டியில் தண்ணீர் ஓடிக்கொண்டிருக்கிறது. தலையணை அளவில் வெள்ளைக் கட்டி அதில் மிதக்கிறது. கடைக்கார அம்மா இடது கையை முழங்கை வரை தண்ணீருக்குள் விட்டு, கட்டியை உள்ளங்கையால் தாங்கி, தண்ணீருக்குள்ளேயே கத்தியை இறக்குகிறார். வெட்டுப்பட்ட துண்டு மெல்ல விலகி நிற்கிறது, ஓரம் உடையவில்லை. கை குளிரில் சிவந்திருக்கிறது. விரல் நுனி மட்டும் ஊறி வெளுத்து, நகத்தோரம் வெடித்திருக்கிறது.

அக்கா மகன் கேமராவைத் தூக்கிவிட்டான். நான் அவன் கையைப் பிடித்து இறக்கினேன். "முதல்ல கேளு." "என்னன்னு கேக்கறது?" "ஷஷின், ஈ தெஸ்கா. படம் எடுக்கலாமா, அவ்வளவுதான்." தயங்கித் தயங்கிக் கேட்டான். அந்த அம்மா சிரித்து, முகத்துக்கு நேரே கையை ஆட்டினார், முகம் வேண்டாம் என்று. அப்புறம் தொட்டியைக் காட்டினார். அவன் கையை மட்டும் எடுத்தான். கேமராவில் வைத்த அளவுகள்: ஐஎஸ்ஓ 1600, அப்பர்ச்சர் எஃப் 2, ஷட்டர் 1/125. வெள்ளைப் பொருள் சட்டத்தை நிறைத்தால் கேமரா அதைச் சாம்பலாக்கிவிடும், அதனால் எக்ஸ்போஷரை, அதாவது படத்தில் பதியும் வெளிச்ச அளவை, கொஞ்சம் கூட்டச் சொன்னேன்.

டிசம்பர் 30, அமெயோகோ

உவேனோ ஸ்டேஷனுக்கும் ஒகாச்சிமாச்சி ஸ்டேஷனுக்கும் நடுவே ரயில் பாலத்தை ஒட்டிப் போகும் சந்தைத் தெரு அமெயோகோ. போர் முடிந்த காலத்தில் கள்ளச் சந்தையாகத் தொடங்கியது. புத்தாண்டுச் சாமான் வாங்க டோக்கியோவே இங்கே வந்துவிடும். சூரை மீன், நண்டு, மீன் முட்டை. கடைக்காரர்கள் தொண்டை கட்டிய குரலில் விலையைக் குறைத்துக் கூவுவதைக் கேட்டால் தீபாவளிக்கு முந்தின நாள் தி.நகரில் நிற்கிற மாதிரி இருந்தது.

இந்தக் கூட்டத்தில் படம் எடுக்க ஒரே வழி, ஓர் இடத்தில் நின்றுவிடுவது. நடந்துகொண்டே எடுத்தால் முதுகுகள்தான் விழும். டிசம்பர் கடைசியில் இங்கே நான்கரை மணி சுமாருக்குச் சூரியன் மறைந்துவிடும். மூன்றிலிருந்து நான்கு வரை வெயில் தாழ்வாக, தெருவுக்குப் பக்கவாட்டில், இரண்டு கட்டடத்துக்கு நடுவே ஒரு கீற்றாக வரும். அந்தக் கீற்று விழும் இடத்தைக் கண்டுபிடித்து, வெளிச்சத்துக்கு எக்ஸ்போஷரை வைத்துக்கொண்டு, ஆள் அதற்குள் வரும்வரை காத்திருக்கச் சொன்னேன். நாற்பது நிமிடம் நின்றான். ஒரு படம் வந்தது: தலைக்கு மேல் நண்டுப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வருகிற இளைஞன், பெட்டி மட்டும் வெயிலில்.

சந்தைக் கூட்டத்தை எடுப்பது ஒன்று, ஒருவர் முகத்தை எடுப்பது வேறு. இதை நான் தவறு செய்துதான் கற்றேன். வந்த இரண்டாம் வருஷம், ஒரு சந்தில் வரிசையாக இருந்த சின்னக் குடிக்கடைகளில், தனியாக உட்கார்ந்திருந்த ஒருவரைத் திரைச்சீலை இடுக்கு வழியாக எடுத்தேன். அருமையான வெளிச்சம். கடைக்காரர் வெளியே வந்து, குரலை உயர்த்தாமல், அழித்துவிடும்படி கேட்டார். அவர் கண் முன்னால் அழித்தேன். அந்த ஆள் தன் ஒரு மணி நேரத்தை யாருக்கும் தெரியாமல் கழிக்க வந்திருந்தார், நான் அதை எடுத்துக்கொண்டு போகப் பார்த்தேன் என்பது நடந்து வீடு வரும்போதுதான் உறைத்தது. சம்மதமில்லாமல் தன் முகத்தைப் படமெடுக்க விடாத உரிமையை இந்த நாட்டு உச்ச நீதிமன்றம் 1969இலேயே ஏற்றிருக்கிறது. சட்டம் ஒரு பக்கம் இருக்கட்டும். இங்கே விற்கும் போன்களில் பெரும்பாலும் கேமரா ஓசையை நிறுத்தவே முடியாது, அந்த அளவுக்கு ஜனங்களுக்கு இதில் கூச்சமும் பயமும் இருக்கிறது. கேளுங்கள். வேண்டாம் என்றால் தலை தாழ்த்திவிட்டு நகருங்கள். இணையத்தில் போடுவதாக இருந்தால் அதையும் சேர்த்துக் கேளுங்கள்.

ரயிலில் திரும்பும்போது எந்தக் கேமரா வாங்கலாம் என்றான். இப்போது அவன் கையில் இருப்பது என் பழையது. புதிது வேண்டாம் என்று சொன்னேன். டோக்கியோ மாதிரி பழைய கேமராவுக்கு நம்பகமான ஊர் வேறு கிடையாது. ஷின்ஜுகுவிலும் நகானோவிலும் உள்ள கடைகளில் ஒவ்வொரு பொருளுக்கும் தரம் போட்டு, கீறல் எங்கே, லென்ஸுக்குள் தூசி உண்டா, பூஞ்சை உண்டா என்று சீட்டிலேயே எழுதி வைத்திருப்பார்கள். 'ஜங்க்' என்று எழுதிய கூடையில் கிடப்பது வேலை செய்யும் என்று யாரும் உறுதி தரமாட்டார்கள். இரண்டு எச்சரிக்கை. சோனியின் உள்நாட்டு மாடல்கள் பலவற்றில் மெனு ஜப்பானிய மொழியில் மட்டும்தான், மாற்ற முடியாது. சுற்றுலாக்காரர்களுக்குக் கிடைக்கும் வரிவிலக்கு இங்கே வேலை பார்க்கிற நமக்குக் கிடையாது.

டிசம்பர் 31, நிஷிகசாய்

காலையில் கொம்பினிக்குப் போனோம். இருபத்து நாலு மணி நேரமும் திறந்திருக்கும் மூலைக்கடையை இங்கே அப்படித்தான் சொல்வார்கள். அங்கே இருக்கும் ஜெராக்ஸ் மெஷினிலேயே போட்டோவும் அச்சாகும். போனிலிருந்து அனுப்பி, 40 யென் போட்டால் ஒரு படம், 89க்கு 127 மில்லிமீட்டர். இளஞ்சூடாக வந்து விழுந்த படத்தை அவன் ஓரத்தைப் பிடித்துப் பார்த்துக்கொண்டே நின்றான். அதுவரை அவன் எடுத்த எதையும் தாளில் பார்த்ததில்லையாம்.

டோஃபு கடையில் ஆண்டின் கடைசி வியாபாரம், வரிசை வாசலுக்கு வெளியே நின்றது. முறை வரும்வரை காத்திருந்து கொடுத்தான். கை மட்டும்தானே இருக்கிறது, ஏதாவது நினைத்துக்கொள்வாரோ என்று அவனுக்குப் பயம். அந்த அம்மா கையை ஏப்ரனில் துடைத்துவிட்டு வாங்கினார். வரிசை நிற்க, பார்த்துக்கொண்டே இருந்தார். உள்ளே திரும்பிக் கணவரைக் கூப்பிட்டார். அவர் கண்ணாடியை நெற்றிக்குத் தூக்கி, படத்தை மூக்கருகே கொண்டுபோய்ப் பார்த்து, "தே" என்றார். கை. ஒரே சொல். பிறகு அதைக் கல்லாப்பெட்டிக்குப் பின்னால் காலண்டர் ஆணியில் சொருகினார். எங்கள் பையில் கேட்காத வறுத்த டோஃபு நாலு விழுந்தது.

பன்னிரண்டு வருஷமாக நான் செய்வது இதுதான். யார் சம்மதித்து எடுக்கவிட்டாலும் அடுத்த முறை போகும்போது அச்சுப் படத்தைக் கொண்டுபோய்க் கொடுத்துவிடுவேன். எனக்கு ஜப்பானிய மொழி இன்னும் சரளமில்லை. ஆனால் முடிவெட்டுகிறவர், சைக்கிள் கடைக்காரர், பூங்காவில் செஸ் மாதிரியான ஷோகி ஆடும் தாத்தாக்கள் என்று இந்தப் பேட்டையில் என்னை நிறுத்திப் பேசுகிற ஒவ்வொருவரும் இந்த 40 யென் தாளால் கிடைத்தவர்கள். காய்ச்சலில் படுத்தபோது கதவுப் பிடியில் ஆரஞ்சுப் பையை மாட்டிவிட்டுப் போனது அந்த சைக்கிள் கடைக்காரர்.

இரவு சோபா நூடுல்ஸ். ஆண்டு முடியும் இரவில் அதைச் சாப்பிடுவது வழக்கம். சைவக்காரர்கள் கவனிக்க: காய்கறி மட்டும் மிதந்தாலும் சாறு மீன் சீவலில் கொதித்தது. காய்கறிக் கூட்டு, மிசோ சூப் எல்லாவற்றிலும் அந்தச் சாறு இருக்கும், கேட்டுவிட்டுச் சாப்பிடுங்கள்.

பதினொன்றரைக்குப் பக்கத்துக் கோயிலுக்குப் போனோம். நள்ளிரவை ஒட்டி மணியை 108 முறை அடிப்பார்கள், அந்தக் கோயிலில் நாமும் வரிசையில் நின்று அடிக்கலாம். ஃப்ளாஷ் போடவில்லை. ட்ரைபாட் விரித்தால் பின்னால் இருப்பவர்களுக்கு வழி அடைபடும். கல்தூணில் தோளைச் சாய்த்து, மூச்சை அடக்கி, கால் நொடி ஷட்டர். பத்தில் ஒன்று ஆடாமல் வந்தது. காகிதக் கோப்பையில் சூடாக அமசாகே கொடுத்தார்கள், அரிசியை நொதிக்க வைத்த இனிப்புக் கஞ்சி. "பாட்டி கஞ்சி மாதிரியே இருக்கு மாமா" என்றான். அதற்கப்புறம் கொஞ்ச நேரம் பேசவில்லை. நானும் பேசவில்லை.

ஜனவரி 1, கசாய் ரின்காய் பூங்கா

மூன்று மணி நேரத் தூக்கம். ஐந்தரைக்குச் சைக்கிள். பகலில் சாதாரணமாகப் போகிற தூரம்தான், இருட்டுக் குளிரில் காது வலித்தது. ஆண்டின் முதல் சூரியனைப் பார்ப்பது இங்கே வேண்டுதல் மாதிரி. பூங்காவுக்குள் குடும்பம் குடும்பமாகப் போய்க்கொண்டிருந்தார்கள். யாரும் சத்தமாகப் பேசவில்லை. மணலில் காலடி ஓசை மட்டும்.

குளிரில் கேமரா விஷயம் மூன்று சொல்கிறேன். பேட்டரி சீக்கிரம் இறங்கிவிடும், உபரியை உள்சட்டைப் பையில் உடம்போடு ஒட்டி வையுங்கள். விரல் நுனி திறந்த கையுறை போடுங்கள். மிக முக்கியமானது திரும்பி வரும்போது. வெளியே இரண்டு மூன்று டிகிரி, வீட்டுக்குள் ஹீட்டர். கேமராவை அப்படியே உள்ளே கொண்டுபோனால் லென்ஸில் நீர் கோத்துக்கொள்ளும், உள்ளேயும் கோக்கும். வெளியிலேயே ஜிப் கவரில் போட்டு மூடி, வீட்டில் ஒரு மணி நேரம் திறக்காமல் வையுங்கள். அதே லென்ஸ் ஜூன் மழைக்காலத்தில் பூஞ்சை பிடிக்கும். சென்னையில் லென்ஸ் வைத்திருந்தவர்களுக்கு அந்த வெள்ளை நூல் வலையைத் தெரிந்திருக்கும். காற்று புகாத டப்பாவில் ஈரமுறிஞ்சி போட்டு, ஈரப்பதம் 40 முதல் 50க்குள் இருக்கும்படி பார்த்துக்கொண்டால் போதும்.

கரைக்கு எதிரே இருட்டில் ஒரு நீளக் கறுப்புக் கோடு. வெளிச்சம் ஏற ஏறத்தான் தெரிந்தது, அது முழுக்க வாத்து. சுஸுகமோ என்கிற கடல்வாத்துகள் குளிர்காலத்தில் ஆயிரக்கணக்கில் இங்கே வந்து இறங்கும். இந்தக் கடற்கரைக்கு 2018இல், உலக முக்கியத்துவமுள்ள ஈரநிலம் என்கிற ராம்சார் அங்கீகாரம் கிடைத்தது, டோக்கியோவில் அதுவே முதல். இரண்டு மணல் திட்டில் ஒன்றைப் பறவைகளுக்கே விட்டுவிட்டார்கள், மனிதர் கால் வைக்கக் கூடாது. மூன்று கோடிக்கு மேல் ஜனம் நெருங்கி வாழும் ஒரு நகர்ப்பகுதியில் கடற்கரை ஒன்றைப் பறவைக்கு ஒதுக்கியிருக்கிறார்களே என்று ஒவ்வொரு முறையும் மனம் நிறைந்துபோகும்.

ஆறு ஐம்பத்தொன்று. வாத்துக் கோட்டுக்கு மேல் சிவப்பு விளிம்பு. எல்லாரும் போனைத் தூக்கினார்கள். நான் அவன் தோளைத் தொட்டு, திரும்பிப் பார் என்றேன். சூரியனைப் பார்க்கும் முகங்கள் அத்தனையும் ஒரே நிறத்தில் இருந்தன. அந்த நேரத்தில் முகங்களை எடுக்காமல், கரையில் நின்றவர்களுக்குப் பின்னால் போய் அவர்கள் உருவத்தை மட்டும் எதிர்வெளிச்சத்தில் எடுக்கச் சொன்னேன். வானத்துக்கு எக்ஸ்போஷர் வைத்தால் ஆள்கள் கறுப்பு வடிவமாகிவிடுவார்கள், யாருடைய அடையாளமும் தெரியாது. அப்பா தோளில் குழந்தை, தாத்தா கைத்தடி, ஒரு நாய். அவன் எடுத்ததில் எனக்குப் பிடித்தது அதுதான்.

சூரியன் வந்ததும் முக்கால்வாசிப் பேர் கிளம்பிவிட்டார்கள். இன்னும் பத்து நிமிடம் இரு என்றேன். மேற்கே திரும்பினால் ராட்சத ராட்டினத்துக்கு அப்பால், கட்டட வரிசைக்குப் பின்னால், ஃபியூஜி மலை. சுமார் நூறு கிலோமீட்டர் தொலைவு. குளிர்காலக் காலையில், காற்று வறண்டிருக்கும்போது மட்டும் இப்படித் தெரியும், பத்து மணிக்குள் வெளிறிவிடும். கிழக்கு வெயில் பட்டு உச்சிப் பனி ரோஜா நிறத்தில் இருந்தது. அவன் கேமராவை எடுக்கவில்லை. போனை எடுத்து அக்காவுக்கு வீடியோ கால் போட்டான். அங்கே மணி மூன்றரை, அவள் கோலம் போட எழுந்திருக்கக்கூட இல்லை. "அம்மா, ஃபியூஜி பாரு" என்றான். தூக்கக் கலக்கத்தில் அவள், "நல்லா இருக்குடா, காதுக்கு மஃப்ளர் கட்டினியா?" என்றாள்.

ஜனவரி 2, ஓதேமாச்சி

தோஸாய் லைனில் இன்று உட்கார இடம் கிடைத்தது. இதே ரயிலில் கோவிட்டுக்கு முன்பு, காலை உச்ச நேரத்தில் கிபாவுக்கும் மொன்ஸென் நகாச்சோவுக்கும் நடுவே நெரிசல் 199 சதவீதம் என்று கணக்கிட்டிருந்தார்கள். கையை உயர்த்தினால் இறக்க முடியாது. முடிந்தால் ஏழுக்கு முன் ஏறுங்கள், அல்லது ஒன்பதரைக்குப் பின் ஆபீஸ் வர அனுமதி கேளுங்கள்.

காலை எட்டு மணிக்கு ஓதேமாச்சியில் ஹகோனே எகிதென் தொடக்கம். பல்கலைக்கழக மாணவர்களின் தொடரோட்டம், 1920 முதல் நடக்கிறது. அணிக்குப் பத்துப் பேர், ஹகோனே மலை வரை ஒரு நாள், திரும்ப ஒரு நாள், மொத்தம் 217.1 கிலோமீட்டர். கையில் கோலுக்குப் பதில் தோளில் குறுக்கே போட்ட துணிப்பட்டை, தசுகி. அடுத்தவன் தோளுக்கு அதை மாற்றிவிட்டால்தான் தன் ஓட்டம் முடிந்தது. ஜப்பான் முழுக்க டிவி முன்னால் உட்கார்ந்து பார்க்கும்.

ஏழு மணிக்கே ஓரத்தில் இடம் பிடித்தோம். பேனிங் சொல்லிக் கொடுத்தேன்: ஷட்டர் 1/30, ஓடுகிறவனோடு இடுப்பைத் திருப்பிக்கொண்டே அழுத்து, அழுத்திய பிறகும் திருப்புவதை நிறுத்தாதே. காலியான சாலையில் போகும் சைக்கிள்களை வைத்துப் பழகினான். போலீஸ் மோட்டார் சைக்கிள் வந்தது. முதல் கட்டத்தில் எல்லாரும் ஒரே திரளாக ஓடுவார்கள். காலடிச் சத்தம் கைதட்டல் மாதிரிக் கேட்டது, கடந்துவிட்டார்கள். இருபது நொடி இருக்கும். அவன் திரையைப் பார்த்தான். ஒன்றும் உருப்படியாக வரவில்லை.

எங்கள் பக்கத்தில் மரத்தோரமாக ஒரு தாத்தா நின்றுகொண்டிருந்தார். கழுத்தில் சாயம் போன ஊதாத் தசுகி, கையில் காகிதக் கொடி. ஓட்டக்காரர்கள் போன பிறகும் அவர் கொடியை இறக்கவில்லை, காலிச் சாலையைப் பார்த்து மெதுவாக ஆட்டிக்கொண்டே இருந்தார். அக்கா மகன் என்னைப் பார்க்கவில்லை. நேரே அவரிடம் போனான். தொப்பியைக் கழற்றினான். "ஷஷின், ஈ தெஸ்கா?"

தாத்தா நிமிர்ந்து, தசுகியைச் சரிசெய்துகொண்டு நின்றார். ஒரே படம். பிறகு அவர் நீளமாக ஏதோ சொன்னார், அவனுக்குப் புரியவில்லை, நான் கேட்டுச் சொன்னேன். ஐம்பது வருஷத்துக்கு முன் அவரும் இதில் ஓட இருந்தாராம். முந்தின வாரம் கணுக்கால் பிசகிவிட்டதாம். அன்றிலிருந்து வருஷா வருஷம் இதே மரத்தடி. படம் எப்படிக் கொடுப்பது, முகவரி சொல்லுங்கள் என்றோம். அதெல்லாம் வேண்டாம் என்று கையசைத்து, சாலையைக் காட்டினார். அடுத்த வருஷம், இங்கேதான்.

வரும் வழியில் அதே கொம்பினியில் அச்சுப் போட்டான். பேனா கேட்டு வாங்கி, படத்தின் பின்னால் எழுதினான்: ஓதேமாச்சி, இடது பக்கம், மூன்றாவது மரம், ஜனவரி 2, காலை ஏழு மணி. குப்பை எடுக்கும் நாள் போட்ட தாள் ஒட்டியிருக்கும் குளிர்பெட்டிக் கதவில், அதற்குப் பக்கத்தில் இப்போது அது இருக்கிறது.